கடன் கட்டக் கொடுத்த போன்

கென்யாவின் எம்-பெசா செல்போன் பணச் சேவையை உலகமே அறியும். ஆனால் ஊருக்குப் பணம் அனுப்புவதற்காக அதை யாரும் தொடங்கவில்லை. சிறுகடன் வாங்கியவர்கள் தவணையைப் போனிலேயே கட்டட்டும் என்பதுதான் திட்டம். பிரிட்டனின் வோடஃபோனும் அந்நாட்டு அரசின் வளர்ச்சி நிதியும் செலவைப் பகிர்ந்துகொண்டன. 2005 அக்டோபரில் நைரோபியிலும் பக்கத்து ஊரான திக்காவிலும் சோதனை ஆரம்பமானது. ஃபாவுலு என்ற சிறுகடன் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களைச் சேர்த்தார்கள். 500 பேர்கூட இல்லை.

வோடஃபோனின் சூசி லோனி நைரோபியிலேயே தங்கி வேலை பார்த்தார். போனில் மெனுவைத் திறந்தே பழகாதவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அப்படி அருகில் இருந்தபோதுதான் அவர்கள் சேவையை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்ற விஷயம் வெளியே வந்தது. வழியில் திருட்டுப் பயம் என்பதால் ஒருவர் கிளம்பும் இடத்தில் எம்-பெசாவில் காசைப் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த இடத்தில் எடுத்துக்கொள்வார். கடைக்காரர் சரக்குக்கு இதிலேயே பணம் கொடுப்பார். இன்னொருவர் நண்பரின் தவணையைக் கட்டுவார். ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு டாக்டைம் வாங்கி அனுப்பியவர்களும் உண்டு. பணம் போட்டதும் எடுத்ததும் கணினிப் பதிவில் தெரியும். எதற்காக என்பதை அவர்கள் வாயால் சொன்னால்தான் உண்டு.

கடன் நிறுவனத்துக்கோ வேறு தலைவலி. போனிலேயே தவணை கட்டிவிட்டால் கடன் குழுவின் கூட்டத்துக்கு எதற்கு வர வேண்டும் என்று உறுப்பினர்கள் நினைக்கத் தொடங்கினார்கள். நம்மூரில் மகளிர் சுயஉதவிக் குழு நடத்துபவர்களுக்கு இந்தச் சிக்கல் சட்டென்று புரியும்: கூட்டம் கலைந்தால் குழுவின் கட்டுப்பாடும் போய்விடும்.

போட்ட தவணைத் திட்டத்தைக் கட்டிக்கொண்டு அழாமல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பணம் அனுப்பும் சேவையாக மாற்றினார்களே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நைரோபியில் வேலை செய்பவர்கள் அதுவரை பஸ்காரர்களிடமோ தெரிந்தவர்களிடமோதான் வீட்டுக்குப் பணம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2007 மார்ச்சில் கென்யாவின் செல்போன் நிறுவனமான சஃபாரிகாம் இந்தச் சேவையை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தபோது, ‘வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள்’ என்றே விளம்பரம் செய்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 10 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

செயலி உருவாக்குபவர்களே, நலத்திட்டம் வகுக்கும் அதிகாரிகளே, கருத்துக்கணிப்புப் படிவத்தை அச்சுக்கு அனுப்பும் முன், உங்கள் செயலியையோ திட்டத்தையோ பயன்படுத்தப்போகிறவர்கள் நாலு பேரிடமாவது போய் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் சொல்வது உங்கள் திட்டத்துக்கு ஒத்துவராவிட்டாலும் முழுதாகக் கேளுங்கள்.