தாமே கட்டும் வானூர்திகளில் கண்ணாடியிழை மூடுறைகள்

ஃபேரிங் எனப்படும் மூடுறை, வானூர்தியின் வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பகுதிகளின் மீது காற்று சீராக வழிந்தோடுவதற்காகப் பொருத்தப்படும் மெல்லிய உறை ஆகும். சக்கரங்கள், சக்கரங்களைத் தாங்கும் கால்கள், இறக்கையும் உடற்பகுதியும் சேரும் மூலைகள் முதலியன இவ்வாறு மூடப்படுகின்றன. ஆர்வலர்கள் தாமே கட்டும் சிறு வானூர்திகளில் இவை பெரும்பாலும் கண்ணாடியிழைத் துணியாலும் பிசினாலும் செய்யப்படுகின்றன. மூடுறையைச் செய்து முடிப்பது பாதி வேலையே. அது பயன் தருகிறதா, பறக்கும்போது உறுதியாக நிற்குமா என்று சோதித்தறிவது மீதிப் பாதி.

பின்னணி

மூடுறையின் பயனை அமெரிக்காவின் நாகா ஆய்வு நிறுவனம் 1920களின் இறுதியில் தெளிவாகக் காட்டியது. அங்கு ஃபிரெட் வீக் குழுவினர் உருவாக்கிய எந்திர மூடியைப் பொருத்தியதும், கர்ட்டிஸ் ஏடி-5ஏ வானூர்தியின் உச்ச வேகம் மணிக்கு 118 மைலிலிருந்து 137 மைலாக உயர்ந்தது. எந்திரத்தின் திறன் கூட்டப்படவில்லை.

தாமே வானூர்தி கட்டுவோருக்கான சங்கத்தைப் பால் போபரெஸ்னி 1953இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் தொடங்கினார். பர்ட் ருட்டான் வடிவமைத்த வேரிஈஸி வானூர்தி 1975இல் பறந்தது. நுரைப் பொருளைச் செதுக்கி அதன் மேல் கண்ணாடியிழையைப் போர்த்தும் முறை, இதன் வழியாக வீட்டுப் பட்டறைகளில் பரவியது.

வடிவமைப்பு

ஓர் உருளைக் கம்பியைக் கடக்கும் காற்று அதன் பின்புறத்தில் பிரிந்து சுழல்கிறது. இதனால் அங்கு அழுத்தம் குறைந்து, கம்பி பின்னோக்கி இழுக்கப்படுகிறது. இவ்விசையே இழுவை எனப்படுகிறது. அதே தடிப்புள்ள கம்பிக்கு மழைத்துளி போன்ற உறையை இட்டால், இழுவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையக்கூடும். உறையின் நீளம் அதன் தடிப்பைப் போல மூன்று முதல் நான்கு மடங்கு இருப்பது நல்லது. முன்பக்கம் உருண்டையாக இருக்கலாம். பின்பக்கம் மெதுவாகக் குறுக வேண்டும். சட்டென்று குறுகினால் காற்று மீண்டும் பிரிந்துவிடும்.

சக்கரக் காலின் உறை, அவ்விடத்தில் காற்று உண்மையில் ஓடும் திசைக்கு நேராக இருக்க வேண்டும். கோணம் தவறினால் அது சிறு சுக்கான்போலச் செயல்பட்டு வானூர்தியை ஒரு பக்கமாகத் திருப்பும். சக்கர உறைக்குள் போதிய இடைவெளியும் தேவை. தரையிறங்கும்போது டயர் நசுங்கிப் பக்கவாட்டில் புடைக்கும், பிரேக் சூடாகும், ஈரத் தரையில் சேறு உள்ளே சேரும்.

செய்முறை

முதலில் நுரைப் பலகையைத் தேவையான வடிவில் செதுக்கி, மேற்பரப்பில் பிசின் ஒட்டாதபடி பாலித்தீன் நாடாவைச் சுற்றுவர். அதன் மேல் துணியை அடுக்கடுக்காக வைத்துப் பிசினால் நனைப்பர். பிசின் இறுகியதும் நுரையைக் குடைந்து எடுத்துவிடுவர். பாலிஸ்டைரீன் நுரையைப் பாலியெஸ்டர் பிசின் கரைத்துவிடும். எப்பாக்சி பிசின் கரைக்காது. பாலியூரித்தேன் நுரையைச் சூடான கம்பியால் வெட்டினால் நச்சு வாயு வெளிப்படும் என்பதால் அதைக் கத்தியாலோ வாளாலோ வெட்ட வேண்டும்.

கையால் பூசும்போது துணியின் எடையும் பிசினின் எடையும் ஏறத்தாழச் சமமாக இருப்பது நல்லது. மிகுதியான பிசின் வலிமையைக் கூட்டாது, எடையை மட்டுமே கூட்டும். எப்பாக்சி தோலில் படப்பட ஒவ்வாமை உண்டாகலாம். ஆகவே கையுறை தேவை. தேய்க்கும்போது எழும் தூசுக்கு முகமூடி தேவை.

சோதனை

வேகம் கூடக்கூட இழுவையை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாகப் பெருகுகிறது. எனவே இழுவைக் கெழுவில் 10 விழுக்காடு குறைந்தாலும், அதே திறனில் வேகம் 3.5 விழுக்காடு அளவே கூடும். 150 நாட் வேகத்தில் செல்லும் வானூர்திக்கு இது சுமார் 5 நாட் மட்டுமே. சிறிது பின்காற்று அடித்தாலும் இதே அளவு வேகம் கூடியதாகத் தோன்றும். ஆகவே ஒருமுறை பறந்து வேகமானியைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது.

ஒரே உயரம், ஒரே எந்திரத் திறன், ஏறத்தாழ ஒரே எடை ஆகியவற்றில், ஒன்றுக்கொன்று செங்குத்தான நான்கு திசைகளில் பறந்து ஜிபிஎஸ் வேகத்தைக் குறித்துச் சராசரி எடுத்தால் காற்றின் பாதிப்பு பெரும்பாலும் நீங்கும். வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் மூடுறையைக் கழற்றிவிட்டு மீண்டும் பறந்து ஒப்பிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டுமே சோதிக்க வேண்டும்.

காற்று பிரியும் இடத்தைக் காண, மூடுறை மீது சிறு கம்பளி நூல்களை ஒட்டி, பறக்கும்போது படம் எடுப்பர். நூல்கள் படிந்து கிடந்தால் ஓட்டம் சீராக உள்ளது. துடித்தாலோ முன்னோக்கித் திரும்பினாலோ காற்று பிரிந்துள்ளது.

பாதுகாப்பு

கழன்ற மூடுறை, இயக்கப் பகுதிகளில் சிக்கினால் வானூர்தியைக் கட்டுப்படுத்த முடியாமல் போகலாம். சுழலி பின்புறம் உள்ள வேரிஈஸி போன்ற வானூர்திகளில் ஒரு திருகாணி கழன்றாலும் அது சுழலியைத் தாக்கக்கூடும். எனவே புதிய மூடுறையுடன் முதலில் குறைந்த வேகத்தில் பறந்து, தரையிறங்கி விரிசல்களையும் திருகாணிகளையும் பார்த்த பிறகே வேகத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். கூடிய எடைக்கேற்ப வானூர்தியின் ஈர்ப்பு மையத்தையும் மீண்டும் கணக்கிட வேண்டும். சோதனையில் வேகம் கூடவில்லை என்று தெரிந்தால், எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும் அந்த மூடுறை வீண் சுமையே.