இரண்டேகால் மணி நேரமும் இரண்டு இரவுகளும்
கொல்கத்தா - சென்னை: தூரம் அதேதான், போய்ச் சேரும் நேரம்தான் மாறியிருக்கிறது

தெற்கு கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். ராஷ்பிஹாரி அவென்யூவில் இட்லி சாப்பிட்டுவிட்டு, காபிப் பொடியும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பலாம். அலுவலக வேலை தேடி வந்த தமிழர்கள் தலைமுறைகளாகக் குடியிருந்த பகுதி இது. ஊரின் சமையலையும் சபாவையும் அவர்கள் இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். குறைக்க முடியாமல் போனது தூரத்தைத்தான்.

அந்தத் தூரம் எவ்வளவு? எதில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வான்வழியே நேர்க்கோட்டில் சென்னை சுமார் 1,385 கி.மீ. ரயில் பாதையோ ஒடிசா, ஆந்திரக் கடலோரமாக வளைந்து சுமார் 1,660 கி.மீ. 1977ல் அறிமுகமான கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு இன்றும் 25 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. விமானத்துக்கு சுமார் இரண்டேகால் மணி.

மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஜெட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் போதாதா? போதாது. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல் மறுபடி நிற்பது வரை கால அட்டவணையில் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

ஒரு காலத்தில் இந்த வழி இன்னும் சுற்று. 1949 ஜனவரியில் தொடங்கிய இரவு விமானத் தபால் திட்டத்தில் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னையிலிருந்து கிளம்பிய விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் சந்தித்தன. தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு திரும்பின. பயணிகளும் அங்கேதான் விமானம் மாறினார்கள்.

ஆனால் சம்பளக்காரக் குடும்பங்களுக்கு விமானம் எட்டாக்கனி. 'அப்பா கவலைக்கிடம்' என்று தந்தி வந்தால் ஹௌரா ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியதுதான். சென்னையில் இறங்கி, இன்னொரு ரயில் பிடித்து, கும்பகோணமோ திருநெல்வேலியோ போய்ச் சேர்வதற்குள் இரண்டு இரவுகள் கழிந்துவிடும். முகம் பார்க்கக் கொடுத்துவைக்காமல், அஸ்தி கரைக்க மட்டும் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் உண்டு.

2003ல் ஏர் டெக்கான் வந்த பிறகு குறைந்த கட்டண விமானப் பயணம் பரவியது. 2013ல் தந்தி சேவையே நின்றுபோனது. 2025 ஆகஸ்டிலிருந்து, லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலுள்ள காளிகாட்டில் மெட்ரோ ஏறி, நோவாபாராவில் மாறி விமான நிலையத்துக்கே போய்விடலாம்.

ஆனாலும் வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். விமான நிலையம் போக ஒன்றரை மணி, அங்கே காத்திருப்பு இரண்டு மணி, பயணம் இரண்டேகால், சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு சாலை வழியே ஆறேழு மணி. மொத்தம் சுமார் பன்னிரண்டு மணி ஆகிவிடும். அதில் விமானத்தில் கழிவது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கடைசி நேர டிக்கெட்டின் விலை வேறு கையைக் கடிக்கும்.

என்றாலும், விடிகாலையில் செய்தி வந்தால் இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிடலாம். "நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க" என்று தொலைபேசியில் சொல்ல முடிகிறது. தந்தி காலத்தில் அப்படிச் சொல்வது இவ்வளவு எளிதாக இல்லை.