கணனி பிழைத்தால் பொறுப்பு யாருக்கு?

பெரிய கம்பனி செய்த வேலையில் பிழை இருக்காது என்று நம் வியாபாரிகளில் பலர் நினைக்கிறார்கள். ஊர்ப் பொடியன் எழுதிக் கொடுத்த பில் போடும் மென்பொருள் கோளாறு கொடுத்தால் "இது எதிர்பார்த்ததுதானே" என்போம். அதுவே பெயர் பெற்ற கம்பனியின் மென்பொருள் என்றால் நம் கணக்கைத்தான் முதலில் சந்தேகிப்போம். இந்தியாவில் 2021ஆம் ஆண்டு நடந்த சங்கதியை அறிந்தவர்கள் அப்படிச் சந்தேகிக்க மாட்டார்கள்.

இன்போசிஸ் கம்பனியைத் தெரியாதவர் குறைவு. 1981இல் ஏழு பொறியியலாளர்கள் பத்தாயிரம் ரூபா முதலோடு தொடங்கியது. இன்று உலகமெல்லாம் வேலை செய்கிறது. இந்திய வருமான வரித் திணைக்களத்துக்குப் புதிய இணையத்தளம் அமைக்கும் வேலை 2019இல் இந்தக் கம்பனியிடம் போனது. எட்டரை வருட ஒப்பந்தம், மொத்தம் இந்திய ரூபா 4,242 கோடி. விபரத்திரட்டைப் பரிசீலிக்க 63 நாள் எடுப்பதை ஒரே நாளாகக் குறைப்பதுதான் திட்டம்.

2021 ஜூன் 7ஆம் திகதி தளம் திறக்கப்பட்டது. அன்றே அழுகை தொடங்கியது. உள்ளே நுழைய முடியவில்லை, இரகசிய இலக்கம் வந்து சேரவில்லை, பழைய வருட விபரத்திரட்டுகளைக் காணவில்லை. அடுத்த நாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் டுவிட்டரில், கம்பனியையும் அதன் தலைவர் நந்தன் நிலேகணியையும் பெயர் குறிப்பிட்டு, வரி செலுத்துவோரைக் கைவிட மாட்டீர்கள் என நம்புகிறேன் என்ற கருத்தில் எழுதினார். நிலேகணி வருத்தம் தெரிவித்து, அந்த வாரத்துக்குள் தளம் சீராகும் என்று பதில் சொன்னார். வாரம் போனது, மாதமும் போனது. ஓகஸ்ட் 21, 22ஆம் திகதிகளில் தளம் அடியோடு படுத்துவிட்டது. 23ஆம் திகதி கம்பனியின் தலைமை நிர்வாகி சலில் பரேக் டில்லிக்கு அழைக்கப்பட்டார். செப்டெம்பர் 15க்குள் திருத்த வேண்டும் என்று தவணை கொடுத்தார்கள். 750 பேர் இந்த வேலையில் இறங்கியிருப்பதாகக் கம்பனி சொன்னது.

இதில் இரண்டு விடயங்கள் வியாபாரிகளுக்கு முக்கியம். ஒன்று, தவணைக்குள் அனுப்பியவர்களுக்கும் மென்பொருள் தாமதக் கட்டணமும் வட்டியும் போட்டது. அரசு தவணையை செப்டெம்பர் 30 வரை நீடித்திருந்தது. கணனிக்கு அது தெரியாது, ஜூலை 31 தாண்டியதும் அபராதத்தைக் கூட்டிவிட்டது. பிறகு திணைக்களமே பிழையை ஒப்புக்கொண்டு, கூடுதலாக எடுத்த பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. மற்றது, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வியாபாரிகளின் படிவம். அது தளத்தில் போகாததால், கடதாசிப் படிவத்தையே வங்கியில் கொடுக்கலாம் என்று ஜூன் மாதமே அனுமதித்தார்கள். 4,242 கோடி ரூபாத் தளம் படுத்தபோது இறக்குமதிக்காரரைக் காப்பாற்றியது பேனாவும் தாளும்!

மக்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். திட்டினார்கள், கேலி செய்தார்கள், அது இயல்பு. ஆனால் ஆர்.எஸ்.எஸ். சார்பானதாகக் கருதப்படும் 'பாஞ்சஜன்யா' வார இதழ் செப்டெம்பரில், இன்போசிஸ் வேண்டுமென்றே நாட்டின் பொருளாதாரத்தைக் கெடுக்கிறதா என்று கேட்கும் அளவுக்குப் போனது. அது கட்டுரையாளரின் சொந்தக் கருத்து என்று ஆர்.எஸ்.எஸ். விலகிக்கொண்டது. மென்பொருள் பிழைக்குத் தேசத்துரோகப் பட்டம் கட்டினால் பிழை திருந்துமா? இந்தச் சத்தத்தால் ஒரு பைசா பயனில்லை என்பதே என் எண்ணம்.

பயன் தந்தது வேறொன்று. கணக்காளர்களும் வரி ஆலோசகர்களும் 700க்கு மேற்பட்ட மின்னஞ்சல்களில் 2,000க்கு மேற்பட்ட குறைகளை எழுதி அனுப்பினார்கள். அவற்றைச் சலித்தபோது 90 தனித்தனிக் கோளாறுகள் தேறின. ஜூன் 22இல் நிதியமைச்சில் நடந்த கூட்டத்தில் அந்தப் பட்டியலை முன்வைத்துத்தான் கேள்வி கேட்டார்கள். "தளம் சரியில்லை" என்றால் கம்பனி வருத்தம் தெரிவித்துவிட்டுப் போய்விடும். "இந்தப் பக்கத்தில் இந்தப் பொத்தானை அழுத்தினால் இந்தத் தொகை பிழையாக வருகிறது" என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சந்தைக்கு வந்த மூடைகளில் எது நனைந்தது என்று இலக்கம் போட்டுக் காட்டினால்தான் லொறிக்காரன் நட்டம் தருவான், அதுபோலத்தான்.

இது முதல் தடவையும் அல்ல. 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி. வரியின் தளத்தையும் செய்தது இதே கம்பனிதான், அங்கும் தவணை நாட்களில் தளம் திணறியது. 2020 மார்ச்சில் நிலேகணியே ஜி.எஸ்.டி. சபையின் முன் வந்து விளக்கம் சொல்ல நேர்ந்தது. நியாயமாகச் சொன்னால் கம்பனி ஓடி ஒளியவில்லை. 2021 டிசெம்பர் 31ஆம் திகதி வரை புதிய தளத்தில் 5 கோடியே 89 இலட்சம் விபரத்திரட்டுகள் போய்ச் சேர்ந்தன, கடைசி நாளில் மட்டும் 46 இலட்சம்.

இந்தியாவில் குற்றவாளிக் கூண்டில் நின்றது கம்பனி. இங்கிலாந்தில் கதை தலைகீழ். அங்கே தபாற் கந்தோர்களை நடத்துவோரில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சிறு கடைக்காரர்கள், ஆசிய வம்சாவளியினரும் அதில் ஏராளம். 1999 முதல் அவர்களுக்கு 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைக் கொடுத்தார்கள், ஜப்பானின் புஜிட்சு கம்பனியுடையது. அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. தபால் நிறுவனம் மென்பொருளை நம்பியது, கடைக்காரரை நம்பவில்லை. களவு, பொய்க்கணக்கு என்று 900க்கு மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். கர்ப்பிணிப் பெண்ணொருவரும் சிறைக்குப் போனார். கணனி ஒழுங்காக இயங்கியது என்று நிரூபிக்க வேண்டும் என்ற பழைய சட்டப்பிரிவை 1999ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டிருந்தது. ஆகவே கணனி சொல்வதே சரி என்று நீதிமன்றம் தொடங்கும், இல்லை என்று காட்டுவது கடைக்காரர் பாடு. மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசெம்பரில்தான். 2024 ஜனவரியில் தொலைக்காட்சி நாடகமொன்று வந்து நாடே கொதித்த பிறகு, அதே வருடம் மே மாதம் தண்டனைகளை இரத்துச் செய்யச் சட்டம் போட்டார்கள்.

நமக்கென்ன என்று காத்தான்குடியிலோ ஓட்டமாவடியிலோ இருப்பவர் கேட்கலாம். 2024 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் வற் வரி 18 வீதமாகியது, பதிவுக்கான வருட விற்றுமுதல் எல்லை எட்டுக் கோடியிலிருந்து ஆறு கோடி ரூபாவாக இறங்கியது. அதுவரை வற் என்றால் கொழும்பு முதலாளிமாரின் தலைவலி என்றிருந்த ஹாட்வெயார் கடைக்காரரும் அரிசி மொத்த வியாபாரியும் வலைக்குள் வந்தார்கள். திரையில் ஒரு தொகை வந்து நின்றால், அது பிழை என்று காட்ட உங்கள் கையில் என்ன இருக்கிறது? பில் கொப்பியைக் கைவிட்டு எல்லாவற்றையும் கணனியில் போட்டவரிடம், அந்தக் கணனிக்கு எதிராகச் சாட்சி சொல்ல அதே கணனிதான் இருக்கும்.

ஏறாவூரில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் விபரத்திரட்டை அனுப்பியதும் திரையில் வரும் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிறார், திகதியும் நேரமும் தெரிய. மாத முடிவில் அவற்றைப் பிரதி எடுத்து, வங்கிச் சிட்டைகளோடு சேர்த்துக் கோவையில் கட்டி வைக்கிறார். "இதென்ன காக்கா, கொம்பியூட்டர் காலத்தில்?" என்று மகன் சிரிக்கிறானாம் என்று அவரது தம்பியிடம் சொல்லிச் சிரித்தார். கோவை இப்போது மூன்றாவது.