கொடைக்கானலில் ஒரு நாள்: உயரம் செய்யும் வேலை

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே பிரிந்து நீளும் பழனி மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து செல்லும் தம்பதிகளுக்கு வழி காரைக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு. வத்தலக்குண்டு வரை தரை மெல்லத்தான் உயர்கிறது. மிச்ச உயரம் முழுவதையும் அதற்கு அப்பாலுள்ள மலைச்சாலை சில மணி நேரத்துக்குள் ஏறி முடிக்கிறது. அந்த ஏற்றத்தை முதலில் உணர்வது காது. கொடைக்கானலில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. வெளியே அழுத்தம் குறையக் குறைய, நடுச்செவியில் அடைபட்ட காற்று செவிப்பறையை வெளியே தள்ளுகிறது. எச்சில் விழுங்கினால் தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையிலுள்ள குழாய் திறந்து அடைப்பு விலகும். பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கு அந்தக் குழாய் இல்லாததால் அது உப்பியபடியே மேலே வந்து சேர்கிறது.

மலை ஏறும்போது சூரியனை நெருங்கத்தானே செய்கிறோம், பிறகு ஏன் குளிர்கிறது என்ற கேள்வி பலருக்கும் உண்டு. சூரியன் இருக்கும் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. வெயில் முதலில் தரையைச் சூடாக்குகிறது, தரை தன் மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. மேலே எழும் காற்று, அழுத்தம் குறைந்த இடத்தில் விரிந்து, விரிவதற்கு ஆற்றலைச் செலவிட்டுக் குளிர்கிறது. சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கொடைக்கானலுக்கு இந்தக் கணக்கு 13, 14 டிகிரி வரும். அறந்தாங்கியில் 36 டிகிரி கொளுத்தும் மே மாதப் பகலில் மலையில் 20ஐ ஒட்டி இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆனால் புற ஊதாக் கதிர் உயரத்தோடு கூடுகிறது, 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பவரின் மூக்கும் கன்னமும் மாலைக்குள் கறுத்துவிடுவது அதனால்தான்.

ஒரு நாளில் பன்னிரண்டு இடங்களைக் காட்டும் வேன் டூரைவிட, நேரம் பார்த்து நாலைந்து இடங்களில் நிதானமாக நிற்பது மேல். அந்த நேரத்தை முடிவு செய்வது பனிமூட்டம். காலையில் பள்ளத்தாக்கு பெரும்பாலும் தெளிவாக இருக்கும். வெயில் ஏறியதும் சரிவில் சூடான காற்று மேல்நோக்கி நகர்ந்து, குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் நுண்துளிகளாகிப் பாறைகளை மறைக்கும். ஆகவே தூண் பாறைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். அங்கே அடுத்தடுத்து நிற்கும் மூன்று பாறைகளின் உயரம் சுமார் 122 மீட்டர். பழனி மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை இது. மேலே இருந்தவை அரித்துப் போனபின் வெளியே தெரிந்தது. செங்குத்து வெடிப்புகள் வழியே நீர் இறங்கி அகலப்படுத்த, இடையில் எஞ்சியவைதான் இந்தத் தூண்கள்.

தெளிந்த காலை வானம் அறிவியலுக்கும் உதவியது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் மாற்றங்களுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுத்தது. சூரியனை ஆராய ஒரு மலை நிலையம் வேண்டும் என்ற முயற்சியின் விளைவாக 1899இல் கொடைக்கானல் வானாய்வகம் அமைந்தது. 2,343 மீட்டர் உயரத்தில், தூசியும் நீராவியும் குறைந்த காற்றில் 1901இல் பணி தொடங்கியது. சூரியப் புள்ளிகளின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது இங்கேதான். உலகம் முழுவதும் அது இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. நூறாண்டுக்கும் மேலாகச் சேர்ந்துள்ள இந்த வானாய்வகத்தின் சூரியப் படங்கள் இப்போதும் ஆய்வில் பயன்படுகின்றன. ஏரியில் படகு விடும் பயணிகளில் பாதிப்பேராவது இதையும் எட்டிப் பார்க்க வேண்டும். அந்த ஏரி, மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடைக்குக் கரை கட்டி உண்டாக்கியது.

தம்பதியாகப் பார்க்க வேண்டிய ஒன்று கோக்கர்ஸ் வாக்கில் எப்போதாவது கிடைக்கும். சரிவின் விளிம்பை ஒட்டி 1872இல் போடப்பட்ட இந்த நடைபாதை சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்திருந்து, எதிரே கீழே மூடுபனி நிறைந்திருந்தால், பார்ப்பவரின் நிழல் பனியின் மேல் பூதாகாரமாக விழும். தலையைச் சுற்றி வண்ண வளையங்களும் தோன்றலாம். ஜெர்மனியின் ப்ராக்கன் மலையின் பெயரால் இதை ப்ராக்கன் பூதம் என்பார்கள். பனித்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் வளையம் உண்டாகிறது. திரும்பும் ஒளி அவரவர் கண்ணை நோக்கியே வருவதால், இருவர் சேர்ந்து நின்று இரண்டு நிழலையும் பார்த்தாலும், கணவருக்கு வளையம் தன் தலையைச் சுற்றி மட்டும், மனைவிக்குத் தன் தலையைச் சுற்றி மட்டும். அடுத்தவர் தலையில் அது இருக்காது.

புகைப்படத்துக்குக் கூட்டம் மொய்க்கும் பைன் காடு 1906 முதல் நட்டு வளர்த்தது. உயிர்வளத்தில் அது சுற்றுலாப் பட்டியலிலேயே ஏழை இடம். மலையின் சொந்தக் காடு, பள்ளங்களில் அடர்ந்திருக்கும் குட்டை மரச் சோலையும் மேடுகளில் பரந்த புல்வெளியும் சேர்ந்தது. சோலையின் தரையில் மட்கிய இலையும் பாசியும் மழைநீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கசியவிடுவதால் ஓடைகள் மழை நின்ற பின்னும் ஓடுகின்றன. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி அந்தப் புல்வெளிச் செடி. கடைசியாக 2018இல் பூத்தது, அடுத்த பூப்பு 2030இல். புல்வெளியைத் தரிசு என்று கருதி, தோல் பதனிடவும் விறகுக்கும் காகிதக் கூழுக்கும் சீகை மரமும் யூகலிப்டஸும் நட்டதில் பெரும்பரப்பு போய்விட்டது. தானே பரவும் சீகை மரத்தை அகற்றிப் புல்லை மீட்பது இன்று மலையின் அவசர வேலை.

இந்த மலையின் நீரில் அறந்தாங்கிக்கும் பங்கு உண்டு. பழனி மலையின் வடசரிவில் விழும் மழை சண்முக நதி போன்ற ஆறுகள் வழியாக அமராவதியில் சேர்கிறது. அமராவதி கரூர் அருகே காவிரியில் கலக்கிறது. 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் அந்தக் காவிரி நீரைப் பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டி அறந்தாங்கிப் பகுதியின் கடைமடைக் கண்மாய்களுக்குக் கொண்டுவருகிறது.