குளிர்நாட்டு உடையடுக்கு

வெயில் மிக்க நம் நாட்டில் உடையென்பது பெரும்பாலும் மானங் காத்தற்கும் அழகிற்குமே அமைந்ததாகும். ஆதலின், பனி மூடிய இடங்களுக்குச் செல்வோர் யாது உடுத்தல் வேண்டும் என வினவின், தடித்த கம்பளிச் சட்டை ஒன்று போதுமென நம்மிற் பலர் விடை கூறுவர். விடுமுறையில் இமயமலைச் சாரலில் நடந்துவர விரும்பும் மாணவரும் நம்மிடையே உளராதலின், இவ்விடை பொருந்துமோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

உடைக்குத் தனக்கென வெப்பம் இல்லை. உணவினாலும் உழைப்பினாலும் உடலிற் பிறக்கும் வெப்பத்தை வெளியேறாவண்ணம் தடுத்தலே அதன் தொழில். அதனை நூலினும் மிகுதியாகச் செய்வது, இழைகளுக்கிடையே அசைவின்றி அடைபட்டுக் கிடக்கும் காற்றேயாம். அக்காற்றின் இடத்தை நீர் கவர்ந்துகொள்ளின் உடை தன் பயனை இழக்கும். நீர் காற்றினும் ஏறத்தாழ 24 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்துமன்றோ?

அந்நீர் பனியால் மட்டும் வருவதன்று; நம் வியர்வையாகவும் வரும். 1911-ஆம் ஆண்டில், ஸ்காட் என்பவரின் தென்துருவக் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் என்னும் மூவர், பெங்குவின் முட்டைகளை நாடி, அண்டார்க்டிக்காவின் குளிர்கால இருளிற் பனிவண்டி இழுத்துச் சென்றனர். குளிர் சுழியத்திற்குக் கீழ் 60 பாகையையும் கடந்தது. வியர்வையும் மூச்சின் ஈரமும் அவர்தம் உடையிலும் உறக்கப்பையிலும் தங்கி உறைந்தன. ஒருநாள் கூடாரத்தினின்று வெளிவந்த செர்ரி-கரார்ட், தலை நிமிர்ந்து சுற்றிலும் நோக்கினார். அந்நொடியே உடை பலகைபோல் இறுகிற்று. நிமிர்ந்த தலையைத் தாழ்த்த இயலாதவராய் நான்கு மணி நேரம் வண்டியிழுத்தார்.

வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்கள் இத்தீங்கிற்கு மாற்று நெடுங்காலம் முன்னரே கண்டிருந்தனர். அவர்கள் கரிபூ என்னும் மானின் தோலால் இரண்டு அங்கிகள் தைத்து, உள்ளங்கியின் உரோமம் உடலை நோக்கவும், மேலங்கியின் உரோமம் வெளியை நோக்கவும் தளர்வாக அணிவர். இரண்டிற்கும் இடையே காற்று தங்கும். உழைக்குங்கால் கழுத்தைச் சிறிது தளர்த்தின் மிகை வெப்பம் நீங்கும். 1903 முதல் 1906 வரை வடகடலிற் பயணஞ்செய்த அமுண்ட்சென், இம்முறையை அவருள் ஒரு பிரிவினரான நெட்சிலிக் மக்களிடம் கற்றார். 1911 டிசம்பர் 14-இல் தென்துருவத்தை முதன்முதல் எய்தியவர் அவரே.

இந்நாளில் மலையேறுவோர் கொள்ளும் மூன்றடுக்கு முறையும் இக்கருத்தையே தழுவியதாகும். முதலடுக்கு, உடலையொட்டி வியர்வையை அகற்றுவது. மெல்லிய கம்பளியோ பாலியெஸ்டரோ இதற்கு ஏற்றது. பருத்தி நம் ஊருக்கு நற்றுணையாயினும், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாதலின் ஆண்டு விலக்கத்தக்கது. இரண்டாமடுக்கு, காற்றைத் தேக்கி வைப்பது. கம்பளி, பிளீஸ், வாத்தின் மென்தூவி என்பன இவ்வகையின. தூவி இலேசானது, எனினும் நனையின் பயன்படாது. மூன்றாமடுக்கு, வெளிக்காற்றையும் பனியையும் தடுப்பது. 1879-இல் தோன்றிய கபர்தீன் துணி இத்தொழிலை முன்னர்ச் செய்தது. 1976-இல் விற்பனைக்கு வந்த கோர்-டெக்ஸ் போன்றவை நீரை உள்ளே விடாமல் வியர்வையின் ஆவியை வெளியே விடுகின்றன.

அடுக்குகளை வாங்கிவிடுதல் மட்டும் போதாது; அவற்றைக் காலமறிந்து களைதலும் அணிதலும் வேண்டும். நடக்கத் தொடங்குமுன் சிறிது குளிர் தோன்றுமளவே உடுத்தல் நன்று. ஏற்றத்தில் வியர்க்குமுன் ஓரடுக்கைக் களைக. இளைப்பாற அமர்ந்தவுடனே, நடுக்கம் வருமுன், மீண்டும் அணிக. இறுக்கமான காலணி இரத்தவோட்டத்தைக் குறைத்து விரல்களுக்குக் கேடு செய்யுமாதலின், இரண்டு காலுறைகளைத் திணித்தல் தகாது. உடலின் உள்வெப்பம் 37 பாகையினின்று 35-க்குக் கீழ் இறங்கின் அறிவு தடுமாறத் தொடங்கும். அந்நிலையில் உடையைத் திருத்திக்கொள்ளும் எண்ணமும் எழாது.

சிறையிலிருந்த பவுலடிகள், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டு, மாரிக்காலத்திற்கு முன்னரே வந்துசேருமாறு தீமோத்தேயுவுக்கு எழுதினார். மலைக்குச் செல்லும் நம் தோழரும் குளிர் வருமுன்னரே அதற்குரியன தேடிக்கொள்வாராக.