பழைய தட்டும் தொலைந்த மெட்டும்



பழைய புத்தகம் தேடி அலைபவர்களை நாம் அறிவோம். பழைய இசைத்தட்டுத் தேடி அலைபவர்களும் எல்லாப் பெருநகரங்களிலும் உண்டு. சென்னையிலே மூர் மார்க்கெட், 1985ஆம் ஆண்டு தீக்கிரையாகும் வரை, அவர்களுக்குப் புகலிடமாக விளங்கிற்று. பம்பாயிலே சோர் பஜார் இருக்கிறது. கண்டி மாநகரில் அவ்வாறு பெயர்பெற்ற சந்தை ஏதுமில்லை. ஆயினும் இந்தத் தேடல் வேறெந்த நகரத்தையும் விடக் கண்டிக்கே அவசியமானது என்பேன். அது ஏன் என்பதையும், எப்படித் தேடுவது என்பதையும் இன்று பார்ப்போம்.

மலையக இலக்கியத்தில் துண்டுப் பிரசுரப் பாடல்களுக்கு ஒரு தனியிடம் உண்டு. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை 1940இல் தோட்டத் தொழிலாளரின் நிலைமையைப் பாட்டாக எழுதி அச்சிட்டார், கூட்டங்களிலும் பாடினார். அவருக்குப் பின் வந்த பாட்டுக்காரர்கள் ரயிலிலும் சந்தையிலும் பாடிப் பாடிப் பிரசுரங்களை விற்றார்கள். குடியுரிமை, சம்பளம், நாட்டைவிட்டுப் போகும் துயரம் எல்லாம் அவற்றில் பேசப்பட்டன. சினிமாப் பாடல்களின் மெட்டிலே பல பாடல்கள் அமைந்தன. கேட்பவருக்கு மெட்டு முன்பே தெரியும். ஆகவே ஒருமுறை கேட்டாலே பாடிவிடுவார்.

இன்று நமக்குக் கிடைப்பது கடதாசி மட்டுமே. அந்தச் சொற்களை மெட்டின்றி வாசித்தால் சந்தம் தட்டுகிறது. சில இடங்களில் வரி நொண்டுகிறது. குற்றம் புலவருடையதன்று. பாட்டின் மறுபாதி வேறொரு பொருளிலே இருக்கிறது. அந்தப் பொருள்தான் பழைய கிராமபோன் தட்டு.

அந்தத் தட்டுகள் இங்கே வந்த வழியைச் சொல்ல வேண்டும். கல்கத்தாவின் சீல்டாவில் 1908ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனி தொழிற்சாலை நிறுவிய பின், இந்தியாவிலேயே தட்டுகள் அச்சாகத் தொடங்கின. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள், தியாகராஜ பாகவதர், திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை ஆகியோரின் இசை தட்டிலேறிக் கடல் கடந்தது. கங்காணி வீட்டிலே கிராமபோன் இருந்தால், அதைச் சுற்றி லயமே கூடும். பின்னாளில் தோட்டத்துக் கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்காரர் தட்டுப்பெட்டியோடு வந்தார். 1949இல் உருவான இலங்கை வானொலி தட்டிசையை மலைமுகடு வரை கொண்டு சென்றது.

அவை சிதறிய கதை துயரமானது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் தீர்மானித்தது. போனவர்கள் ரயிலேறித் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். கைக்குழந்தையும் தகரப்பெட்டியுமாகப் போகிறவர், விழுந்தால் உடையும் தட்டுகளைச் சுமப்பாரா? விற்றிருப்பார், அல்லது கொடுத்துவிட்டுப் போயிருப்பார். 1977க்குப் பின் ஒலிநாடாக்கள் மலிந்தன; இருந்தவர்களும் தட்டை மறந்தார்கள். 1983 ஜூலையில் கண்டி நகரத் தமிழர் கடைகள் எரிந்தபோது, எரிந்த பொருளையெல்லாம் கணக்கிட யாரால் முடியும்?

எஞ்சியவை இப்போது எங்கே இருக்கும்? வானொலி திருத்தும் பழைய கடைகளின் பரண்களில் இருக்கலாம். ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர்களின் வீடுகளில் இருக்கலாம். பழைய போத்தலும் பத்திரிகையும் வாங்குபவரின் குவியலிலும், உல்லாசப் பயணிகளுக்காக நடத்தப்படும் பழம்பொருட் கடைகளிலும் பார்க்கலாம். கண்டியோடு நின்றுவிடாமல் கட்டுகஸ்தோட்டை, மாத்தளை, கம்பளை என்று விசாரித்துப் போக வேண்டும்.

கையில் கிடைத்த தட்டை எப்படிப் பார்ப்பது? முதலில் இனம் அறிய வேண்டும். கனமாகவும், தட்டினால் பீங்கான்போல ஒலிப்பதாகவும் இருந்தால், அது அரக்குக் கலவையால் ஆன 78 சுற்றுத் தட்டு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடம் ஓடும். இந்தியாவில் இது 1960களின் பிற்பகுதி வரை அச்சாயிற்று. ஆகவே பிரசுரப் பாடல்களுக்கு மெட்டுத் தந்த பழைய சினிமாப் பாடல்களை இதிலேதான் தேட வேண்டும். வளைந்து கொடுப்பது வினைல். 33⅓ சுற்று நெடுந்தட்டு 1948இலும், 45 சுற்றுச் சிறுதட்டு 1949இலும் அமெரிக்காவில் வெளிவந்தன.

அடுத்து, தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். மயிரிழைக் கீறல் பெரும்பாலும் பாட்டைக் கெடுக்காது. நகத்தில் தட்டுப்படும் கீறல் ஊசியைத் துள்ளவைக்கும். வரிகள் பளபளப்பின்றிச் சாம்பல் பூத்திருந்தால், உருக்கு ஊசி அவற்றைத் தின்றுவிட்டது என்று பொருள். நடுத்துளையைச் சுற்றிச் சீட்டில் உள்ள தேய்மானம், தட்டு எத்தனை முறை சுழன்றதென்று சொல்லும். விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பார்த்தால் கோணல் தெரியும்.

மலைநாட்டு ஈரத்தில் தட்டிலே பூஞ்சணம் பிடிக்கும். அரக்குத் தட்டை ஸ்பிரிட் கொண்டு துடைக்கவே கூடாது. மதுசாரத்தில் அரக்கு கரைந்துவிடும். மெல்லிய சவர்க்கார நீரில், நடுச்சீட்டு நனையாமல் துடைத்து, நிழலில் உலர்த்தி, நிமிர்த்தி அடுக்க வேண்டும். நெடுந்தட்டுக்குரிய நுண் ஊசியால் 78 சுற்றுத் தட்டை ஓட்டலாகாது. அதன் வரி ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமானது. அகன்ற ஊசி வேண்டும்.

இனி முக்கியமான செய்தி. நல்லாய்ப் பாடுகிற தட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு வருவது வியாபாரியின் வேலை. இலக்கியத்தில் அக்கறையுள்ளவர் கீறல் விழுந்ததையும் எடுப்பார். அது எந்தத் தோட்டத்திலிருந்து, எந்தக் கோவில் திருவிழாவில் ஓடி, எப்படிக் கடைக்கு வந்தது என்பதையும் கேட்டு எழுதி வைப்பார். உறையில் ஒரு பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருந்தால், அதை அழிக்கமாட்டார். பின்னர் ஒலியைக் கணினியில் பதிவுசெய்து, ஒரு பிரதியைப் பொது இடத்தில் சேர்ப்பார். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவருவது நமக்கு வாய்ப்பானது.

சி.வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாக நடந்து வாய்மொழிப் பாடல்களைத் திரட்டியிராவிட்டால், அவற்றுள் பல பாடியவர்களோடே போயிருக்கும். அன்று அவர் மனிதரின் வாயிலே தேடினார். இன்று நாம் தட்டின் வரிகளிலே தேட வேண்டும். ஒரு பிரசுரத்தையும் அதன் மெட்டுத் தட்டையும் ஒன்றாக வைத்துப் பாடிப் பாருங்கள் நேயர்களே. நொண்டிய வரி நடக்கும். கப்பலேறிப் போனவர்களின் குரல் எப்படி ஒலித்திருக்கும் என்பது அப்போதுதான் நமக்குத் தெரியும்.