வானத்துக்கு அடியில் ஒரு வேலை

'அண்டர்பின்' என்று ஒரு இங்கிலீஷ் வார்த்தை. பட்ஜெட்டுக்கு மறுநாள் பேப்பரைப் பிரியுங்கள். ஏதாவது ஒன்று நாட்டின் பொருளாதாரத்தை 'அண்டர்பின்' பண்ணிக்கொண்டே இருக்கும். டிக்‌ஷனரி 'ஆதாரமாக இரு' என்று சவசவவென்று சொல்லி நிறுத்திவிடும்.

கம்பத்துக் கொத்தனார் ஒருவர்தான் எனக்கு சரியாக விளக்கினார். மாமா வீட்டுச் சுவர் ஒரு மூலையில் இறங்கி, விரிசல் விட்டிருந்தது.

"முட்டுக் கொடுத்தாப் போதாதா? கவர்ன்மெண்டே அதுலதானே ஓடுது!" என்றார் மாமா.

"முட்டு பக்கவாட்டுலண்ணே. அதுவும் அப்போதைக்குத்தான். இது வானத்துக்கு அடியில பண்ற வேலை. மூணடி நோண்டி, கான்கிரீட் போட்டு, இறுகுன பிறகுதான் பக்கத்துல கை வைக்கணும். ஒரேடியா நோண்டுனா சுவரு நம்ம மேல உக்காந்துரும்!"

(அஸ்திவாரக் குழிக்கு எங்கள் பக்கம் 'வானம்' என்று பேர். பூமியைத் தோண்டி வானம் என்கிற ஊர் சார்!)

ஆக, நிற்கிற கட்டடத்தை நிற்க வைத்தே அஸ்திவாரத்துக்கு அடியில் புது அஸ்திவாரம் போடுவதுதான் அண்டர்பின். இங்கிலாந்தில் வின்செஸ்டர் தேவாலயம் சேற்றில் புதைய ஆரம்பித்தபோது, வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர் 1906 முதல் 1911 வரை தண்ணீர் நிறைந்த இருட்டுக் குழிகளில் இறங்கி, சிமென்ட் மூட்டைகளைக் கையாலேயே அடுக்கினார். அசல் அண்டர்பின் அது.

இந்த வார்த்தையை முல்லைப் பெரியாறு அணைக்குப் போட்டால் மட்டும் எனக்கு வயிற்றைக் கலக்கும். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து பென்னிகுயிக் கட்டி முடித்தது 1895-ல். அணை தாங்குமா என்று கேரளத்தில் பயம் எழுந்து, 1979-ல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். மத்திய நீர் ஆணையம் சொன்னபடி பலப்படுத்தும் வேலை நடந்தது. என்ன செய்தார்கள்? அணையின் தலையில் சுமார் 12,000 டன் கான்கிரீட் தொப்பி. உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளை போட்டு 95 இடங்களில் எஃகுக் கம்பி இறக்கி, ஒவ்வொன்றையும் 120 டன் விசையில் இழுத்துக் கட்டினார்கள். முதுகுப் பக்கம் கான்கிரீட் அணைப்பு.

தலையில் பாரம், நடுவில் கட்டு, முதுகில் முட்டு. அடியில் யாரும் நோண்டவில்லை! தண்ணீர் தள்ளுகிற தள்ளில் அணை சாயாமல் இருக்கச் செய்த வேலை இது. இதை 'அண்டர்பின்' என்று எழுதினால், அடியே ஆட்டம் கண்டது என்று அர்த்தமாகிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் அணைக்குக் கீழே குடியிருப்பவர்கள் ராத்தூக்கத்தை இழப்பார்கள். இந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயலுக்கு எத்தனை அடித் தண்ணீர் என்ற சண்டை மறுபடி முதலிலிருந்து!

142 அடி வரை தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2014 மே 7-ல் தீர்ப்புச் சொன்னது. அந்த வருஷம் நவம்பரில் தண்ணீர் 142-ஐத் தொட்டது.